மரத்தடியில் பட்டாசு மருந்து அடைக்கிறதை எப்படி நிறுத்துறது?

கப்பலூர்க்காரன்:
திருமங்கலம் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் பாதுகாப்புப் பொறுப்பு. நாக்பூர் லைசென்ஸ், அதாவது மத்திய அரசு வெடிபொருள் துறை (PESO) தலைமையகம் கொடுத்தது. பயிற்சி கொடுத்தாச்சு, ரூம் வாசல்தோறும் போர்டும் இருக்கு. ஆனா தீபாவளி ஆர்டர் ஏறினதும் பத்து மணிக்கெல்லாம் மரத்தடிக்கு வந்து மருந்து அடைக்கிறாங்க. போர்மேன் பார்த்தும் பார்க்காத மாதிரி போறார். எங்கே கை வைக்கணும்?

சாத்தூர் போர்மேன்:
கூலியில கை வைங்க தம்பி. அடைக்கிறது பீஸ் ரேட். நாலு பேர் ரூம் வெயிலில் வேகுது. வெளியே காத்து வருது, கூட ஆளும் உட்காரலாம், உருப்படி கூடும். போர்டு என்ன செய்யும்? ஒரு ரூமில் பிடிச்ச தீ அடுத்ததுக்குத் தாவக் கூடாதுன்னுதான் நடுவில் இடைவெளி விட்டிருக்கு. அங்கேயே பத்துப் பேர் மருந்தோடு உட்கார்ந்தா இடைவெளி விட்டும் பிரயோஜனமில்லை.

கலவைக்கும் அடைப்புக்கும் நாள் கூலி போடுங்க. லேபிள் ஒட்டுறது, பெட்டி போடுறது பீஸ் ரேட்டிலேயே இருக்கட்டும். காலை 6 மணிக்கு ஆரம்பிச்சு வெயில் ஏறுமுன்னே அடைப்பை முடிங்க. ரூமுக்கு அரை மணி வேலைக்கான மருந்து மட்டும் கொடுங்க. காலித் தட்டு திரும்பினாத்தான் அடுத்தது, அதுவும் ரூம் வாசலில்தான் கை மாறணும்.

விருதுநகர் வாசி:
அண்ணன் சொன்னது சரி. ஆனா போர்மேன் கண்ணை மூடிக்கிறதுக்குக் காரணம் முதலாளி. சாயங்காலம் அவர் கேட்கிற முதல் கேள்வி "இன்னிக்கு எத்தனை பெட்டி?"ன்னா எந்த போர்மேன் வேலையை நிறுத்துவார்? "எந்த ரூமை நிறுத்தினீங்க, ஏன்?"னு கேட்கட்டும். நிறுத்தின நேரத்துக்குக் கூலி பிடிக்க மாட்டோம்னு வேனை விட்டு இறங்குற இடத்தில், எல்லார் முன்னாலும் அவரே சொல்லணும். இடி இறங்குற மாதிரி வானம் இருட்டினா யாரையும் கேட்காம ரூமைக் காலி பண்ணலாம்கிறதும் அதில் அடக்கம்.

சின்னப் பொறி, சிந்தின மருந்து, இதைச் சொன்னவங்களுக்குத் திட்டு விழுந்தா அடுத்த தடவை வாயே திறக்க மாட்டாங்க. முதலாளி ரவுண்ட் வரும்போது செல்போனை கேட்டிலேயே வெச்சுட்டு, பருத்திச் சட்டையில், செருப்பைக் கழற்றி, வாசல் செப்புத் தகட்டைத் தொட்டுட்டுத்தான் நுழையணும். உடம்பில் ஏறியிருக்கிற நிலைமின்சாரம் அங்கேதான் இறங்கும். அவரே தொடாம நுழைஞ்சா உங்க பயிற்சி அத்தோட போச்சு.

கப்பலூர்க்காரன்:
நன்றிங்க. மீந்த கலவை? இப்ப ராத்திரி ரூமிலேயே கிடக்கு.

வெடியுப்பு:
அதை உடனே நிறுத்துங்க. அலுமினியப் பொடியும் வெடியுப்பும் (பொட்டாசியம் நைட்ரேட்) சேர்ந்த கலவையில் ஈரம் ஏறினா தானா சூடாகும். காலையில் வந்து கிளறுறவர் கையில் வெடிக்கலாம். தட்டு சுடுதா, அம்மோனியா நெடி அடிக்குதா, தொடாம எல்லாரையும் வெளியேத்துங்க. தண்ணி தெளிக்கவே கூடாது, கொஞ்சத் தண்ணி சூட்டைக் கூட்டும். கலவையில் 1 முதல் 2 சதவீதம் போரிக் அமிலம் சேர்த்தா இந்தச் சூடேற்றம் குறையும், ஆனா அதை நம்பி ராத்திரி வைக்க வேண்டாம்.

கடைசிக் கலவையை மதியத்தோட நிறுத்தினா மீந்து போறதே குறையும். மீந்ததை அன்னிக்கே, ரூம்களை விட்டுத் தள்ளி இருக்கிற எரிக்கும் இடத்தில் மெல்லிசுக் கோடாப் பரப்பி, காத்து முதுகுப் பக்கம் இருக்கும்படி நின்னு, நீளத் திரி வெச்சு எரிங்க. குவியலா எரிக்காதீங்க, எரிஞ்ச சூட்டு மண்ணில் அடுத்ததைக் கொட்டாதீங்க. மழையால் எரிக்க முடியாதுன்னு தெரிஞ்சா அன்னிக்குக் கலவையே போடாதீங்க.