ராமநாதபுரம் மாவட்டம்: கண்மாயா, பண்ணைக்குட்டையா? (மூவர் வாதம்)

மானாவாரி:
வாய்க்காலின் கடைசியிலுள்ள கடைமடை வயல்களுக்குக் கண்மாய்த் தண்ணீர் வந்து சேர்வதே இல்லை. வயலிலேயே குட்டை வெட்டுவதுதான் வழி. 30க்கு 30 மீட்டர், ஆழம் 2 மீட்டர், பக்கச்சரிவு ஒன்றுக்கு ஒன்றரை (ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஒன்றரை மீட்டர் உள்ளே) என்றால் சுமார் 1,460 கன மீட்டர் நிற்கும். ஒரு ஏக்கர் நெல்லுக்கு 5 செ.மீ. தண்ணீர் கட்ட 200 கன மீட்டர் போதும். மார்கழிக் கடைசியில் கதிர் பால் பிடிக்கும்போது இரண்டு தண்ணீர் கிடைத்தால் பயிர் தப்பிவிடும்.

நீர்ப்பாய்ச்சி:
அந்தக் குட்டை எதனால் நிறையும்? 2 ஏக்கரில் 50 மி.மீ. மழை பெய்து, ஐந்தில் ஒரு பங்கு ஓடி வந்தால் 80 கன மீட்டர். குட்டை நிரம்ப அப்படி 18 மழை வேண்டும், அதாவது 900 மி.மீ. நம் மாவட்டத்தின் ஆண்டு சராசரியே 830 மி.மீ. சுற்றித்தான். 22 சென்ட் நிலமும் போகும், கரைக்கு இன்னும் கொஞ்சம்.

கரைமேடு:
குட்டையே வேண்டாம். கண்மாயை 2 மீட்டர் ஆழப்படுத்தி, மிகை நீர் வழிந்தோடும் கலிங்கையும் அரை மீட்டர் உயர்த்துங்கள்.

நீர்ப்பாய்ச்சி:
இரண்டுமே தப்பு. பாசனத்துக்குத் தண்ணீர் திறக்கும் மடையின் அடிக்கல்லுக்குக் கீழே வெட்டிய பள்ளத்துத் தண்ணீர் தானாக வாய்க்காலில் ஏறாது, மோட்டார்தான் வைக்க வேண்டும். அடியிலுள்ள களிமண் கிழிந்தால் நீர் இறங்கிவிடும். கடலோரத்தில் உவர் மேலே வரும். கரையடியை ஒட்டித் தோண்டினால் கரை சரியும். கலிங்கை உயர்த்தினால் மேலூர் வயல் மூழ்கும், கீழ்க் கண்மாய்க்கு மறுகால், அதாவது கலிங்கில் வழியும் நீர், போகாது.

வண்டலை மட்டும் எடுத்தாலே எவ்வளவு வேலை பாருங்கள்: 40 ஹெக்டேரில் 30 செ.மீ. என்பது 1,20,000 கன மீட்டர், 3 கன மீட்டர் டிராக்டரில் 40,000 நடை. அதற்கு முன் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலைப் பாருங்கள். 30 மீட்டருக்கு ஓர் இடத்தில் தரைமட்டம் அளந்து பாருங்கள். ஓர் இடத்தில் 40 செ.மீ. மேடு இருந்தாலே சிறு மழைத் தண்ணீர் அங்கேயே நின்றுவிடும். சீமைக் கருவேலத்தைத் தூரோடு பிடுங்க வேண்டும், வெட்டினால் துளிர்க்கும். அடுத்து மடை. திருகுக் கம்பி துருப்பிடித்துப் பலகை இறங்காமல், சாக்கும் களிமண்ணும் திணித்து அடைத்த மடைகள் எத்தனை! இரவும் பகலும் ஒழுகி, கடைமடைக்குரிய தண்ணீர் தலைமடையிலேயே தீர்கிறது.

மானாவாரி:
நிறையாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். 20க்கு 20 ஆகச் சுருக்கி, மறுகால் ஓடையோடு இணைப்போம். அதே ஆழம், அதே சரிவில் 580 கன மீட்டர் பிடிக்கும், 10 சென்ட் போதும். நாளுக்கு 5 மி.மீ. ஆவியானால் 60 நாளில் 120 கன மீட்டர் போகும். மிச்சத்தில் ஓர் ஏக்கருக்கு இரண்டு தண்ணீர் கட்டலாம்.

நீர்ப்பாய்ச்சி:
இது நடக்கும். தண்ணீர் நுழையும் இடத்தில் வண்டல் படிய ஒரு தொட்டி கட்டாயம், இல்லாவிட்டால் குட்டை சீக்கிரம் மேடாகும். ஆனால் கீழ்க் கண்மாய் நிறைந்த பிறகே குட்டை வாய் திறக்க வேண்டும்.

மானாவாரி:
அதை ஏற்க மாட்டேன். மழை குறைந்த ஆண்டில் கீழ்க் கண்மாய் நிறையவே நிறையாது, அந்த ஆண்டில்தான் குட்டை தேவை. மறுகால் ஓடும் நாள்களில் ஒரு நாள் குட்டைகளுக்கு, மூன்று நாள் கீழூருக்கு என்று முறை வையுங்கள்.