நாற்காலி போட்டால் பேச்சு வந்துவிடுமா?

நிழல்தேடி:
"மக்கள் பழகுவதும் பழகாததும் அந்தந்த ஊரின் குணம், பொது இடத்தின் அமைப்பை மாற்றி ஒன்றும் ஆகாது" என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. டென்மார்க்கின் கோபன்ஹேகனில் ஸ்ட்ரோயெட் தெருவில் 1962இல் கார்கள் வரக்கூடாது என்றபோதும் இதே பேச்சுதான் எழுந்தது. நாம் என்ன இத்தாலியர்களா, இந்தக் குளிரில் யார் தெருவில் உட்காருவார்கள் என்றார்கள். வியாபாரம் படுத்துவிடும் என்று கடைக்காரர்கள் பயந்தார்கள். ஆனால் கூட்டம் வந்தது, உட்கார்ந்தது, நின்று பேசியது. டேனிஷ்காரர்களின் சுபாவம் அதற்குள் மாறியிருக்குமா என்ன?

தெருமுனை:
கூட்டம் வந்தது, சரி. பழகினார்களா? எந்தச் சதுக்கத்திலும் பெரும்பாலும் தெரிந்தவரோடு வந்து, அவரோடே பேசிவிட்டுப் போகிறார்கள். முன்பின் தெரியாதவரோடு பேச ஒரு சாக்கு வேண்டும். கொலம்பியாவின் பொகோட்டாவைப் பாருங்கள். 1974 முதல் அங்கே சிக்ளோவியா என்ற ஏற்பாடு நடக்கிறது. ஞாயிறும் விடுமுறை நாளும் காலை 7 முதல் மதியம் 2 வரை, இன்று 120 கிலோமீட்டருக்கு மேல் சாலைகளில் மோட்டார் வண்டிகள் கிடையாது. அதே பழைய தார்ச்சாலைதான். நகரின் வசதியான வடக்கும் ஏழைத் தெற்கும் அதில் சேர்ந்து சைக்கிள் மிதிக்கின்றன. வாரம் தவறாமல் வந்தால் முகம் பழகும்.

நிழல்தேடி:
வண்டியை விலக்கியதே இடத்தை மாற்றியதுதானே, நண்பரே? நியூயார்க்கின் பிரையன்ட் பார்க் உயரமான புதர்களும் இரும்பு வேலியும் சூழ்ந்து கிடந்தது. உள்ளே நடப்பது தெருவுக்குத் தெரியாது. போதைப்பொருள் விற்பவர்களுக்கு அதுவே வசதி. 1988இல் மூடி 1992இல் திறந்தபோது புதர்கள் போயின, வாசல்கள் அகலமாயின, கையால் நகர்த்தும் நாற்காலிகள் வந்தன. அந்த நாற்காலிதான் எனக்கு முக்கியம். உட்காருமுன் அதை அரையடி தள்ளிப் போடுகிறவர், "உங்களைத் தொந்தரவு செய்யமாட்டேன்" என்று பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லிவிடுகிறார். தரையில் பதித்த பெஞ்சில் அதற்கு வழியே இல்லை.

படித்துறை:
யாரை உட்கார விடுகிறார்கள் என்பதை இருவருமே விட்டுவிட்டீர்கள். லண்டன் கேம்டனில் 2012இல் வைத்த கான்கிரீட் பெஞ்சில் யாரும் படுக்கக் கூடாதென்று மேற்பரப்பையே சரிவாக வைத்தார்கள். முதுகு சாயவும் இடமில்லை. வீடற்றவரை விரட்டச் செய்தது, கால் வலிக்கும் முதியவரையும் விரட்டுகிறது. இதுவும் வடிவமைப்புதான். எனக்குக் கோபம் வருகிறது.

தெருமுனை:
படித்துறை சொல்வது நியாயம். அதனால்தான் எதுவும் போடாமல் விட்ட இடத்தை நான் நம்புகிறேன். சிங்கப்பூரின் அரசு அடுக்குமாடிகளில் தரைத்தளம் காலியாக இருக்கும். ஒருநாள் மலாய்க் கல்யாணம், இன்னொரு நாள் சீனர் வீட்டு இறுதிச் சடங்கு. மேலே குடியிருப்பவர்கள் அதைக் கடந்துதான் மின்தூக்கிக்குப் போகவேண்டும்.

நிழல்தேடி:
மின்தூக்கிக்குப் போகும் வழியில் அந்த வெற்றிடத்தை ஒருவர் வரைந்து வைத்ததால்தானே கடக்கிறார்கள்? ஆனால் அதே தளத்தில் பந்து விளையாடத் தடை என்று பலகை மாட்டினால் பிள்ளைகள் போய்விடுவார்கள். அந்த விஷயத்தில் நான் படித்துறை பக்கம்.