புதுப்பிப்பு: சி.ஏ. இண்டஸ்ட்ரியல் டிரெய்னிங், தொங்கி நிற்கும் ஜிஆர்/ஐஆர்

சி.ஏ. ஆர்டிகிள்ஷிப்பின் (ஆடிட்டரிடம் பெறும் கட்டாயப் பயிற்சி) கடைசி ஆண்டில் 9 முதல் 12 மாதம் வரை பெரிய கம்பெனிக்கு இண்டஸ்ட்ரியல் டிரெய்னிங் போவது பற்றி முன்பு எழுதியிருந்தேன். அந்த கம்பெனியில் மாதக் கணக்கு முடிக்கும்போது எங்கே திணறுவோம் என்று பலர் கேட்டீர்கள்.

பெரும்பாலும் ஜிஆர்/ஐஆர் கணக்கில்தான், அதாவது வந்த சரக்கையும் வந்த பில்லையும் நேர் செய்யும் இடைக்காலக் கணக்கில். சரக்கு வந்து ஜிஆர்என் (சரக்கு பெற்றதற்கான சீட்டு) போட்டதும் இந்தக் கணக்கு கிரெடிட் ஆகும். பில் பதிவானதும் டெபிட். 100 பெட்டிக்கு ஜிஆர்என், 96க்குத்தான் பில் என்றால் 4 பெட்டியின் தொகை தொங்கும். தயவுசெய்து காரணம் பார்க்காமல் ஜர்னல் (சரிக்கட்டும் பதிவு) போட்டுத் தள்ளிவிடாதீர்கள். பர்ச்சேஸ் ஆர்டர், ஜிஆர்என், பில் மூன்றையும் வரி வரியாக ஒப்பிட்டு, ஸ்டோருக்கே போய் எண்ணிக்கையைக் கேளுங்கள். பில் இன்னும் வரவில்லையா, அளவு தப்பாக ஏறியதா என்பது அங்கேதான் தெரியும்.

அடுத்த மாதம் 14ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-2பி (சப்ளையர்கள் காட்டிய பில்களின் ஜிஎஸ்டி பட்டியல்) வந்ததும் அந்த பில் அதில் இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் 20ஆம் தேதிக்குள் போடும் மாத ஜிஎஸ்டி ரிட்டர்னான 3பியில் அதற்கு உள்ளீட்டு வரி (வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டிக்கான கழிவு) எடுக்க முடியாது.