கனடாவின் சீனர் தலைவரி: 2006 மன்னிப்போடு கணக்குத் தீர்ந்ததா?

கடலோடி:
கனடா தினம் கொண்டாடும் யூலை 1ஆம் திகதியை இங்குள்ள சீனர்கள் பல ஆண்டுகள் அவமான நாள் என்றே அழைத்தார்கள். 1923 யூலை 1இல்தான் அவர்களுக்குக் கதவடைத்த சட்டம் நடைமுறைக்கு வந்தது. 1947இல் அது நீக்கப்படும்வரை உள்ளே வர முடிந்த சீனர் 50 பேருக்கும் குறைவு. அதற்கு முன் 38 ஆண்டுகள், நாட்டுக்குள் வரும் சீனரிடம் தலைக்கு இவ்வளவு என்று வாங்கிய தலைவரி. பசிபிக் ரயில் பாதை முடிந்த 1885இலேயே ஆளுக்கு 50 டொலர் என்று தொடங்கி, 1900ஆம் ஆண்டுச் சட்டம் அதை 100 ஆக்கியது, 1903ஆம் ஆண்டுச் சட்டம் 500 ஆக்கியது. ஒரு சீனத் தொழிலாளிக்கு 500 டொலர் ஏறத்தாழ இரண்டு வருடக் கூலி. ஏறக்குறைய 82,000 பேரிடம் வாங்கியது 2 கோடி 30 லட்சம் டொலர். 2006இல் அரசு மன்னிப்புக் கேட்டபோது ஆளுக்கு 20,000 டொலர் கிடைத்ததோ 800 பேருக்கும் குறைவானவர்களுக்கு. மிச்சப் பேரின் கணக்கு எங்கே?

நடுவழி:
கடலோடி அண்ணை, அந்த 20,000 நட்டஈடு எண்டு ஒட்டாவா மத்திய அரசு ஒருநாளும் சொல்லேல்லை. அடையாளக் கொடுப்பனவு எண்டுதான் சொன்னது. அதுக்குச் சட்டக் காரணம் இருக்கு. வரி கட்டினவையும் குடும்பத்தாரும் அரசுக்கு எதிரா 2000இல் போட்ட மாக் வழக்கில ரெண்டு வாதம் வைச்சவை. ஒண்டு, கனடா அரசியலமைப்பில இருக்கிற உரிமைச் சாசனத்தின்ர சமத்துவப் பிரிவு. அந்தப் பிரிவு 1985இல தான் அமலுக்கு வந்தது, பின்னோக்கிப் பாயாது. மற்றது, அரசு நியாயமில்லாமல் செல்வம் சேர்த்தது எண்டது. அந்த நாளில செல்லுபடியான சட்டத்தின்படி வாங்கின காசுக்கு அந்த வாதம் நிக்காது எண்டு ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் 2002இல தள்ளுபடி செய்தது. 2003இல உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்கவே இல்லை. சட்டக் கடமை இல்லாத இடத்தில அரசு தானாகக் குடுத்ததைக் குறைச்சுப் பேசக்கூடாது.

கடலோடி:
நீதிமன்றக் கதவு மூடியதால் தான் இது பாராளுமன்றத்தின் வேலை ஆனது. முதல்நிலை நீதிபதியும் வழக்கைத் தள்ளும்போதே, பாராளுமன்றம் இதைக் கவனிக்கலாம் என்று எழுதியிருக்கிறார். பிழை பணம் கொடுத்ததில் இல்லை, தகுதியை வகுத்த விதத்தில் இருக்கிறது. உயிரோடு இருக்கும் வரி கட்டியவர், அல்லது இறந்தவரின் உயிரோடு இருக்கும் துணை, அவ்வளவுதான். வரி 1923இல் நின்றது. அன்று 15 வயதுப் பையனுக்கு 2006இல் 98 வயது. யாரால் விண்ணப்பித்திருக்க முடியும்? மனைவிமாரைப் பாருங்கள். 1923க்குப் பிறகு அவர்களால் வரவே முடியாது. 1947க்குப் பிறகும், குடியுரிமை பெற்ற கணவன்தான் மனைவியையும் 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளையும் அழைக்கலாம். 24 ஆண்டு பிரிந்திருந்த குடும்பத்தில் எத்தனை பிள்ளைகள் அந்த வயதுக்குள் இருந்திருப்பார்கள்? சட்டம் பிரித்து வைத்த குடும்பங்களே இந்தத் தகுதிக்குள் வராமல் போயின. பாதிக்கப்பட்டோர் அமைப்புகள் கேட்டது, வரி கட்டியதற்குக் கொடுத்த ஒரு சான்றிதழுக்கு ஒரு கோரிக்கை. அதுதான் சரியான அளவுகோல்.

ஏடுதேடி:
சான்றிதழை அளவுகோலாக வைத்தால் ஆதாரம் தேடுவது எப்படி என்பதையும் பார்க்க வேண்டும். தேசிய ஆவணக்காப்பகத்தில் 1885 முதல் 1949 வரையான சீனர் குடிவரவுப் பதிவேடுகள் உண்டு, ஏறத்தாழ 98,000 பதிவுகள், இணையத்தில் இலவசம். பெயர், வயது, ஊர், கப்பல், வந்த நாள், உடல் அடையாளம், கட்டிய தொகை எல்லாம் இருக்கும். வணிகர், மாணவர் போன்ற விலக்குப் பெற்றவர்களும் அதில் இருப்பதால் ஒவ்வொரு பதிவையும் வரி கட்டியவராக எண்ணக்கூடாது. தொகைக் கட்டத்தைப் பாருங்கள்.

பலர் பெயரை மட்டும் வைத்துத் தேடிக் களைத்துப் போகிறார்கள். எழுத்தர்கள் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியவை அவை. குடும்பப் பெயர் பின்னால் போயிருக்கும், 'ஆ' என்ற விளிச்சொல் பெயராகவே பதிந்திருக்கும். இன்னொருவரின் ஆவணத்தைக் காட்டி வந்தவர்களுக்குப் பெயரே வேறு. வந்த ஆண்டு, துறைமுகம், ஊர் மூன்றையும் சேர்த்துத் தேடினால்தான் ஆள் பிடிபடும். வீட்டில் சி.ஐ.5 என்ற வரிச் சான்றிதழ் இருந்தால் அதன் எண்ணிலிருந்து தொடங்குங்கள். சி.ஐ.9 கிடைத்தால் அது வரிச் சான்றிதழ் இல்லை. தற்காலிகமாக வெளியே போய்த் திரும்புவதற்கான அனுமதி. ஆனால் படம் ஒட்டியிருக்கும், ஆளை உறுதி செய்ய அதுபோல் உதவுவது வேறில்லை.

நடுவழி:
இதைத்தான் சொல்லுறன். ஆளை நிறுவவே இவ்வளவு சிக்கல் எண்டால், பேரப்பிள்ளையளுக்குள்ள ஆர் வாங்கிறது? சீனரிட்ட இதேமாதிரித் தலைவரி வாங்கின நியூசிலாந்து 2002இல மன்னிப்புக் கேட்டு, 2004இல 50 லட்சம் டொலரை ஒரு அறக்கட்டளையில போட்டது. ஆளுக்கு ஆள் குடுக்கேல்லை. மொழி, வரலாறு, ஆய்வு எண்டு அது இன்னும் வேலை செய்யுது. அந்த வழி நல்லது.

கடலோடி:
வாரிசு எத்தனை பேரானாலும் தொகை பெருகாது, தம்பி. ஒரு சான்றிதழுக்கு ஒரு தொகை. அதைக் குடும்பம் பங்கிடும். காணி உறுதிக்கு நாங்கள் செய்வதும் இதுவே. அறக்கட்டளை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, ஆனால் தனி ஆளிடம் வாங்கிய காசுக்கு அது ஈடாகாது. வரியில் ஒரு பங்கு மாகாணங்களுக்குப் போனது. அதில் பெரும்பங்கு பெற்ற பிரிட்டிஷ் கொலம்பியா 2014இல் மன்னிப்புக் கேட்டும் தனியாட்களுக்கு ஒரு சதமும் கொடுக்கவில்லை.

வன்னிமண்:
எங்கட ஆக்களுக்கும் இது புதிசில்லை. நிரந்தர வதிவிடம் பெறுவதற்கு 1995இல் கொண்டுவந்த குடியிறங்கு கட்டணம், வயது வந்த ஆளுக்கு 975 டொலர். அகதிகளுக்கு அதை 2000இல் தான் நீக்கினார்கள். அதுவரை ஈழத்திலிருந்து வந்தவர்களும் கட்டினார்கள். அதைப் புதிய தலைவரி என்றே அன்று எதிர்த்தார்கள்.

நடுவழி:
அது பாரமான கட்டணம்தான், எதிர்த்ததும் சரி. ஆனால் எல்லா நாட்டாருக்கும் ஒரே தொகை. தலைவரிச் சட்டம் ஒரு இனத்தின்ர பேரைச் சொல்லி எழுதினது. ரெண்டையும் ஒண்டாக்கினால் 1885இல நடந்ததின்ர பாரம் குறையும்.

ஏடுதேடி:
இதில் நடுவழியோடு நிற்கிறேன். 1923 சட்டத்தின் கீழ் கனடாவில் பிறந்த சீனப் பிள்ளைகளும் 12 மாதத்துக்குள் பதிய வேண்டியிருந்தது. அவர்களுக்குக் கொடுத்தது சி.ஐ.45 என்ற பதிவுச் சான்று. வரிப் பதிவில் பெயர் இல்லாத குடும்பங்கள் அதைத் தேடிப் பாருங்கள்.