அபலோன் வெனீர் ஒட்டிய மறுநாளே இணைப்பு விரிந்துவிட்டது, எங்கே தவறு?

கடல்நீலன் எழுதியது:

வணக்கம். அப்பா இந்த ஆண்டு பணி ஓய்வு பெறுகிறார். அவருக்காக மீன் பிடிக்கும் ஸ்பின்னிங் ராட் ஒன்று கட்டிக்கொண்டிருக்கிறேன். 7 அடி, இரண்டு துண்டு, கரும்பச்சை கார்பன் பிளாங்க் (ராடின் வெறும் தண்டு). ரீல் சீட் (ரீல் பொருந்தும் இடம்), கார்க் கிரிப், கைடு (தூண்டில் நூல் ஓடும் வளையம்) கட்டுவது எல்லாம் கை பழகிய வேலை. ஆனால் முன் கிரிப்புக்கு மேலே 60 மி.மீ. நீளத்துக்கு அபலோன் சிப்பி பதிக்க ஆசைப்பட்டேன். நான் சிறுவனாக இருந்த காலத்திலிருந்தே அப்பாவின் மேசையில் பாவா என்ற அபலோன் வகைச் சிப்பி ஒன்று இருக்கிறது. அதில்தான் சாவியைப் போட்டு வைப்பார். அதன் உள்பக்கத்து நீலமும் பச்சையும் அவர் பிடிக்கப்போகும் ராடில் வரவேண்டும், அவ்வளவுதான்.

0.2 மி.மீ. தடிமனுள்ள பாவா வெனீர் (மெல்லிய சிப்பித் தகடு) ஷீட் வாங்கினேன். 60க்கு 38 என்று ஒரே செவ்வகமாக வெட்டி, ஹேர் டிரையரில் சூடாக்கி வளைத்து, 5 நிமிடத்தில் இறுகும் எபாக்ஸி பசை தடவி பிளாங்க்கைச் சுற்றி ஒட்டினேன். மேலே நூலை இறுக்கிச் சுற்றி இரவு முழுக்க விட்டுவைத்தேன். காலையில் நூலைப் பிரித்தால் கிரிப் பக்கம் இணைப்பு கிட்டத்தட்ட 1 மி.மீ. விரிந்திருக்கிறது. நுனிப் பக்கம் ஒரு ஓரம் மற்றொன்றின் மேல் ஏறியிருக்கிறது. நீளவாக்கில் மயிரிழை மாதிரி இரண்டு விரிசல். நடுவில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு வெளுத்த திட்டு. இதையெல்லாம் விட வருத்தம், ஷீட்டாக இருந்தபோது பார்த்த நீலம் ராடில் இல்லை. மங்கிப்போய்க் கிடக்கிறது.

பிளாங்க்கின் விட்டம் அந்த இடத்தில் கீழே 12.2, மேலே 11.8 மி.மீ. பிரித்துவிட்டு மறுபடி ஒட்டலாமா? இல்லை, சிப்பி வேலை இவ்வளவு சிறிய உருளைக்கு ஒத்தே வராதா?

நூலிழை எழுதியது:

முதலில் அதை எடுக்கும் வழியைச் சொல்கிறேன். பிளேடு வைத்துச் சுரண்டவே வேண்டாம். கார்பன் இழையில் ஒரு கீறல் விழுந்தால் போதும், பெரிய மீன் இழுக்கும் நாளில் ராட் சரியாக அந்த இடத்தில்தான் முறியும். ஹேர் டிரையரால் மிதமாகச் சூடுகாட்டுங்கள். எபாக்ஸி இளகியதும் பிளாஸ்டிக் அட்டையின் முனையால் மெதுவாக நெம்பினால் வந்துவிடும். ஒரே இடத்தில் நெடுநேரம் சூடு காட்டாதீர்கள், பிளாங்க்கில் இருப்பதும் பிசின்தான்.

அடுத்து, 5 நிமிடப் பசையை இந்த வேலைக்கு மறந்துவிடுங்கள். நீங்கள் தடவி, வைத்து, அழுத்தி, காற்றை வெளியேற்றுவதற்குள் அது கெட்டியாகிவிடுகிறது. மெதுவாக இறுகும் எபாக்ஸியோ, நூல் சுற்றுக்குப் பூசும் ராட் ஃபினிஷோ போதும்.

பழைய கைப்பிடி எழுதியது:

தம்பி, ஒத்து வரும். நல்லாவே வரும். உன் கணக்குதான் இடிக்குது.

12.2 விட்டத்துல வெனீரோட தடிமன் 0.2 சேத்தா 12.4. அதோட சுற்றளவு கிட்டத்தட்ட 39 மி.மீ. மேல 11.8ல அதே கணக்குப் போட்டா 37.7. நீ வெட்டினது ரெண்டு முனையிலயும் 38. அப்போ கீழ கிட்டத்தட்ட 1 மி.மீ. குறையுது, மேல 0.3 மிஞ்சுது. கீழ விரிஞ்சதும் மேல ஏறினதும் பசையோட குத்தமே இல்ல. பிளாங்க் கூம்பு, உன் துண்டு செவ்வகம். பசை தடவுறதுக்கு முன்னாடியே அது உக்காராதுன்னு ஆயிப்போச்சு.

விரிசல் வேற விஷயம். சிப்பியோட உள்பக்கம்ங்கறது அரகோனைட்ங்கற சுண்ணாம்புக் கனிமத் தகடுங்க அடுக்கடுக்கா இருக்குறது, நடுவுல பசை மாதிரி மெல்லிசா புரதம். அந்த அடுக்குகள்ல பட்டு ஒளி திரும்பி வர்றதாலதான் அந்த நிறமே. அது சாயம் கிடையாது. ஆனா அடிப்படையில அது கல்லு. சூடு காட்டினா ஷீட்டுல இருக்குற பிசின் இளகி வளையும், ஆறினதும் பழையபடி தட்டையாகப் பாக்கும். 12 மி.மீ. உருளையில முழுச் சுத்தும் வளைச்சா எங்கயாவது ஒரு இடத்துல விட்டுக்கொடுத்துத்தான் ஆகணும்.

அதனால பட்டையா வெட்டு. நான் செஞ்ச முதல் மூணு ராடும் முழு ஷீட்டுதான், மூணுலயும் விரிசல். நாலாவதுலேர்ந்து பட்டைதான். 2 மி.மீ. அகலம், 60 நீளம். ஒரு தட்டைப் பட்டையை 12 மி.மீ. உருளை மேல வெச்சா நடுக்கோடு தொடும், ரெண்டு ஓரமும் 0.08 மி.மீ. தூக்கி நிக்கும். அதைப் பசை நிரப்பிடும், கண்ணுக்கே தெரியாது. அதே பட்டை 3 மி.மீ.னா 0.19 தூக்கும், விரல்ல தட்டும். பட்டையை வளைக்கவே வேண்டாம், சூடும் வேண்டாம். வலுவே விழாத சிப்பி ஏன் விரியப்போகுது?

வெட்டுறதுக்கு முன்னாடி ஷீட்டோட பின்பக்கம் மார்க்கரால ஒரே திசையில வரிசையா அம்புக்குறி போடு. இதை மட்டும் விட்றாத. சிப்பியில மினுக்கு ஒரு பக்கம் சாய்ஞ்சு இருக்கும். ஒரு பட்டை தலைகீழாப் போனா, மத்ததெல்லாம் ஜொலிக்கும்போது அது மட்டும் இருட்டா நிக்கும். முன்பக்கம் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கோ, ஸ்டீல் ஸ்கேல் வெச்சு புது ஸ்கால்பெல் பிளேடால லேசா ஏழெட்டுத் தடவ இழு. ஒரே இழுப்புல அழுத்தினா ஓரம் பொரிஞ்சுடும்.

இப்போ நிறம். 0.2 மி.மீ. சிப்பி பாதி ஒளி ஊடுருவும். கீழ என்ன நிறம் இருக்கோ அது மேல வரும். வெனீர் துண்டு ஒண்ணைக் கறுப்புத் தாள் மேல வெச்சுப் பாரு, அப்புறம் வெள்ளைத் தாள் மேல வெச்சுப் பாரு. கறுப்புல நீலம் ஆழமா இறங்கும், வெள்ளையில வெளுத்து நிக்கும். உன் பச்சை பிளாங்க் நடுவுல மாட்டிக்கிட்டுது. 400 நம்பர் தாளால பளபளப்பு போற அளவுக்கு மட்டும் தேய், ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால துடை, கறுப்பு அக்ரிலிக் பெயின்ட் மெல்லிசா ஒரு கோட் குடு, முழுசாக் காயட்டும். பட்டைங்களுக்கு நடுவுல தெரியுற கோடுகளும் கறுப்பாயிட்டா அது பதிப்போட அழகாவே ஆயிடும்.

அந்த வெளுத்த திட்டு, அடியில மாட்டின காத்து. பசை நனைக்காத இடத்துல ஒளி சிதறி வெள்ளையாத் தெரியுது. பிளாங்க்லயும் பட்டையோட முதுகுலயும், ரெண்டு பக்கமும் மெல்லிசா பசை தடவு. நடுவுல அழுத்தி ஓரத்துக்குத் தள்ளிக்கிட்டே போ.

ஸ்பின்னிங் ராட்ல கைடு கீழ்ப்பக்கம் தொங்கும், கண்ணு படுறது மேல்பக்கம். அதனால முதல் பட்டையை மேல நடுவுல ஆரம்பி. ரெண்டு பக்கமும் மாறி மாறி ஒட்டிக்கிட்டு வா, 18 பட்டை. கீழ கைடு வரிசையில ஒரு ஆப்பு வடிவ இடைவெளி மிஞ்சும். உன் அளவுக்கு கிரிப் பக்கம் சுமார் 3, நுனிப் பக்கம் 1.7 மி.மீ. அதை அளந்து, ஒரு ஆப்புத் துண்டு வெட்டிச் செருகு. கூம்போட வித்தியாசம் மொத்தமும் அந்த ஒரே துண்டுக்குள்ள அடங்கிடும்.

எல்லாம் உக்காந்ததும் குழாய் வேலைக்குச் சுத்துற டெஃப்ளான் டேப்பை இழுத்து இறுக்கிச் சுத்து. எபாக்ஸி அதுல பிடிக்காது. ஒரு முழு நாள் கழிச்சுப் பிரி. சிப்பியைத் தேய்ச்சு மட்டம் பண்ண மட்டும் போயிடாத, 0.2 மி.மீ.ல தேய்க்க என்ன இருக்கு? மட்டம் பண்றதெல்லாம் மேல பூசுற ராட் ஃபினிஷ்லதான். மெல்லிசா மூணு நாலு கோட், ராடை மெதுவாச் சுத்திக் காயவைக்கிற டிரையர்ல, ஒவ்வொண்ணுக்கும் நடுவுல ஒரு நாள். முதல் கோட் போட்டு முனையில இருக்குற படி சரிவானதும், ஏ சைஸ் நூலால ரெண்டு முனையிலயும் 5 மி.மீ. பட்டி கட்டு, பாதி சிப்பி மேல பாதி பிளாங்க் மேல.

வெட்டும்போதும் ஓரம் தேய்க்கும்போதும் மாஸ்க் போடு தம்பி. சிப்பித் தூள் நுரையீரலுக்கு ஆகாது. ஓரத்தைத் தேய்க்கணும்னா தண்ணி தொட்டுத் தேய்.

மெல்லோட்டம் எழுதியது:

ஒரு சிறு மாற்றுக் கருத்து. ரீல் சீட்டுக்குள் செருகும் துண்டு, பின் முனை மாதிரி 20 மி.மீ.க்கு மேல் விட்டம் உள்ள இடங்களில் நான் முழு ஷீட்டையே சுற்றுகிறேன், விரிசல் வந்ததில்லை. முதலில் தாளைச் சுற்றி, ஒன்றன்மேல் ஒன்று வரும் இடத்தில் இரண்டு தாளையும் சேர்த்து வெட்டிப் பிரித்தால் ஷீட்டை வெட்டச் சரியான வார்ப்புரு கிடைத்துவிடும். கூம்பை விரித்தால் மேலும் கீழும் லேசாக வில் மாதிரி வளைந்திருக்கும், நேர்கோடாக இருக்காது. 12 மி.மீ.க்கு என் வாக்கும் பட்டைக்குத்தான். இடத்தையும் சரியாகத் தேர்ந்திருக்கிறீர்கள். கிரிப்பை ஒட்டிய பகுதி அதிகம் வளையாது. இன்னும் மேலே போனால் ராட் வளையும் ஒவ்வொரு முறையும் சிப்பி அடி வாங்கும்.

கடல்நீலன் எழுதியது:

அண்ணா, பத்து நாள் கழித்து வருகிறேன். பழையதை நூலிழை சொன்னபடி சூடுகாட்டி எடுத்தேன், பிளாங்க்கில் ஒரு கீறலும் இல்லை. கறுப்பு அடித்து, 18 பட்டையும் ஆப்பும் இரண்டு மாலைகளில் முடிந்தது. ஆப்பு நான் அளந்ததில் 2.9, 1.6 வந்தது. டெஃப்ளான் டேப்பைப் பிரித்தபோது எனக்குப் பேச்சே வரவில்லை. சிப்பியில் பார்த்த அதே நீலம், கொஞ்சம் கூடுதல் ஆழத்தோடு.

ஒரே ஒரு குறை. ஒட்டுவதற்கு முன் பட்டைகளை ஆல்கஹாலால் துடைத்தேன், இரண்டில் அம்புக்குறி அழிந்துவிட்டது. அதில் ஒன்று தலைகீழாக ஒட்டிவிட்டது போல, மேலிருந்து வலப்பக்கம் ஐந்தாவது பட்டை. ராடைத் திருப்பும்போது அது மட்டும் இருள்கிறது. இன்னும் ஃபினிஷ் பூசவில்லை. விட்டுவிடலாமா?

பழைய கைப்பிடி எழுதியது:

விடாத. ஃபினிஷ் போட்டுட்டா அப்புறம் ஒண்ணும் செய்ய முடியாது, அப்பா ஒவ்வொரு தடவ ராடைத் திருப்பும்போதும் உன் கண்ணு அங்கதான் போகும். அலுமினியத் தாள்ல 2 மி.மீ. அகலத்துக்கு நீளமா ஒரு கீத்து வெட்டி, அந்தப் பட்டை மட்டும் தெரியுற மாதிரி மூடு. ஹேர் டிரையரோட சின்ன வாயால சூடு குடு, மூங்கில் குச்சியை முனையிலேர்ந்து நீளவாக்குல தள்ளு. அது உடைஞ்சா பரவால்ல, பக்கத்துப் பட்டைதான் முக்கியம். அடியில கறுப்பு உரிஞ்சா தொட்டு வை, காயட்டும். புதுப் பட்டையை ஷீட்டுல அதே இடத்துக்குப் பக்கத்துலேர்ந்து வெட்டு, நிறம் ஒத்துப்போகும். அம்பை இந்தத் தடவ மார்க்கரால போடாத, ஊசியால கீறு.