புதுப்பிப்பு: பழைய 486 கணினியில் வந்து வந்து போகும் சவுண்ட் கார்டு

போன மாதம் புலம்பியிருந்தேனே, ஐஎஸ்ஏ (பழைய வகை விரிவாக்க ஸ்லாட்) சவுண்ட் கார்டில் 8 பிட் ஒலி சரியாக வரும், 16 பிட் மட்டும் சில நாள் பாதியில் நின்றுவிடும் என்று. ஐஆர்க்யூ (கார்டு பிராசஸரைக் கூப்பிடும் சிக்னல் எண்) மோதல், அதாவது இரண்டு கார்டுகள் ஒரே எண்ணைப் பிடித்துக்கொள்வது என்றே பலரும் சொன்னீர்கள். அந்த எண்ணை அமைக்கும் ஜம்பரை (கார்டிலுள்ள சின்ன இணைப்பு மூடி) 5-லிருந்து 7-க்கு மாற்றினேன், பலனில்லை. ஸ்லாட்டில் செருகும் கார்டின் தொடர்பு முனைகளை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்தேன் (அழிரப்பர் வேண்டாம், தங்க முலாம் தேய்ந்துவிடும்). இரண்டு நாள் ஓடியது. அப்புறம் பழைய குருடி, கதவைத் திறடி.

நேற்று டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. கார்டைப் பெட்டியோடு பிணைக்கும் பின்பக்க பிராக்கெட் திருகை இறுக்க இறுக்க, கார்டின் மறுமுனை ஸ்லாட்டிலிருந்து மயிரிழை மேலே எழும்புகிறது! அந்த முனையில்தான் ஸ்லாட்டின் 36 தொடர்புகள் கொண்ட நீட்டிப்பு. 16 பிட் ஒலிக்கான டிஎம்ஏ 5 (பிராசஸர் இல்லாமலே நினைவகத்திலிருந்து ஒலித் தரவு வரும் தடம்) அதன் வழியாகத்தான் வருகிறது. ஐஆர்க்யூ 5, 7 இரண்டும் பிராக்கெட் பக்கமுள்ள 62 தொடர்புகள் கொண்ட பகுதியில் இருப்பதால், ஜம்பரை மாற்றி என்ன பயன்?

பிராக்கெட் மடிப்புக்கு அடியில் மெல்லிய வாஷர் ஒன்று வைத்து, திருகை அளவாக முடுக்கினேன். கார்டு இப்போது நேராக உட்கார்ந்திருக்கிறது. நேற்று இரவு முழுக்க 16 பிட் ஒலி ஓடவிட்டேன், ஒருமுறைகூட நிற்கவில்லை. வாங்கி வைத்த மாற்றுக் கார்டுதான் பிரிக்காமல் கிடக்கிறது.