கருமுட்டை எது, சினைமுட்டை எது?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஓவம், அதாவது விந்தணு சேராத பெண்ணின் முட்டை, என்பதற்குக் கருமுட்டை என்றே வைத்துக்கொள்ளலாம், நாளிதழ்களில் பழகிவிட்டது என்று முந்தைய மடலில் ஒரு கருத்து வந்தது. பழகிவிட்டது உண்மைதான். 2022இல் ஈரோட்டில் ஒரு சிறுமியின் முட்டைகளை எடுத்து விற்றதாக எழுந்த வழக்கின்போது ‘கருமுட்டை விற்பனை’ என்றுதான் தலைப்புகள் வந்தன. ஆனால் தமிழ்நாட்டுப் பாடநூல்களில் விந்தணு சேர்ந்த பிறகு உண்டாகும் சைகோட்டுக்குக் கருமுட்டை என்று பெயர். கரு உண்டாகும் முன்னும் அதே சொல், பின்னும் அதே சொல் என்றால் எப்படி?

இது வெறும் பாடநூல் சிக்கல் அல்ல. செயற்கைக் கருத்தரிப்பு முறைகளுக்கான 2021ஆம் ஆண்டு இந்தியச் சட்டப்படி ஒரு பெண் வாழ்நாளில் ஒரே முறைதான் முட்டை தானம் தரலாம். ஏழுக்கு மேல் எடுக்கக் கூடாது. கருவாகிவிட்டதை உறையவைத்துச் சேமிப்பதற்குத் தனி விதிகள். கருத்தரிப்பு மையத்தில் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடுகிற பெண்ணுக்கு, உறைய வைப்பது தன் முட்டையையா, கணவரின் விந்தணு சேர்ந்த கருவையா என்பது படித்த உடனே புரிய வேண்டும்.

சரி, வேறு என்ன சொல் இருக்கிறது? அண்டம் என்றால் பிரபஞ்சம் முன்னால் வந்து நிற்கிறது. சித்த மருத்துவத்தில் அண்டவாதம் ஆண்களுக்கு வரும் விரைவீக்கம். இது வேண்டாம். சூல் அழகான சொல். அகநானூற்றின் 160ஆம் பாடலில் நிறைசூல் ஆமை மணலில் முட்டையைப் புதைக்கிறது. பார்ப்பு, அதாவது குஞ்சு, வெளிவரும்வரை ஆண் ஆமை காவல் இருக்கிறது. சூல், முட்டை, பார்ப்பு என்று மூன்று நிலைக்கும் மூன்று சொல்! அங்கே சூல் என்பது தாயின் நிலை. தாவரவியலிலோ பின்னால் விதையாக மாறும் ஓவ்யூலுக்குச் சூல் என்று வைத்துவிட்டோம். முட்டைச் செல் அதற்குள்ளே, தாவரவியலில் கருப்பை எனப்படும் பையில் (எம்ப்ரியோ சாக்) இருக்கிறது. ஆகவே அதுவும் ஒத்துவராது.

என் வாக்கு சினைமுட்டைக்கு. மீன் கழுவும்போது வயிற்றில் மஞ்சளாகத் திரண்டு வருமே, அதைச் சினை என்றுதான் வீட்டில் சொல்கிறோம். அது இன்னும் கருவாகாத முட்டைத் திரள். சினைமாடு என்றால் கன்று தங்கிய மாடு ஆயிற்றே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் சினைப்பை (ஓவரி), சினைப்பை நீர்க்கட்டி என்ற சொற்கள் மருத்துவமனைகளில் ஏற்கெனவே புழங்குகின்றன. சினைப்பையிலிருந்து வருவது சினைமுட்டை என்றால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

கரு என்ற சொல் வருகிறதே என்று கோழிமுட்டையின் வெள்ளைக்கரு, மஞ்சள்கரு இரண்டையும் தொட வேண்டாம். சமையலறையில் அவற்றால் யாருக்கும் குழப்பமில்லை.

அப்புறம், கருமுட்டையைச் சைகோட்டுக்கு மட்டும் ஒதுக்கலாமா, இல்லை இலங்கைப் பாடநூல்களில் உள்ள நுகம் என்ற சொல்லை நாமும் எடுத்துக்கொள்ளலாமா? கிரேக்க மூலத்திலும் ஏரில் பூட்டும் நுகம்தான் பொருள். எனக்கு அது பிடித்திருக்கிறது. அங்கே உயிரியல் கற்பிப்பவர்கள் குழுவில் இருக்கிறீர்கள். வகுப்பில் மாணவர்கள் அதை எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்று எழுதுங்கள்.